சிறுதெய்வம் என்னும் சொல்லும் சித்தாந்த அளவையும்

சைவ நன்மக்கள் நாட்டுப்புறத் தெய்வங்களைக் குறித்துப் பேசுங்கால் எளிதாக எடுத்தாளுஞ் சொல் 'சிறுதெய்வம்' என்பது. அச்சொல்லுக்கு ஆதாரம் யாது என வினவுவார்க்குத் திருநாவுக்கரசு சுவாமிகள் அருளிய மறுமாற்றத் திருத்தாண்டகம் காட்டப்படும். அச்சொல் ஆண்டு உளதென்பது மெய்யே. ஆயினும் ஒரு சொல் எவ்விடத்து, எவரால், எவரை நோக்கிச் சொல்லப்பட்டது என்று ஆராயாது அதனை மட்டும் பெயர்த்தெடுத்துக் கொள்ளுதல் உரைமரபு அன்று. அரசன் ஏவலர் வந்து அழைத்தபோது, தாம் எவர்க்கும் அடங்கிய குடி அல்லர் என்றும், சிவபிரான் திருவடியையே சேர்ந்தவர் என்றும் அடிகள் விடை பகர்ந்த இடம் அது. ஆண்டுள்ள வினைகள் பெரும்பாலும் தன்மைப் பன்மையில் நிற்பன. தாம் செல்லாமையும் தாம் சேராமையுமே கூறினார். பிறர் தொழுவனவற்றை நோக்கி எள்ளியதாக ஒரு சொல்லும் ஆண்டு இல்லை. அன்றியும், அய்யனார் எனவும் சாஸ்தா எனவும் நாட்டுமக்கள் வழிபடும் சாத்தனைச் சிவபிரானுக்கு மகனாக வைத்துப் பாடியவரும் அவ்வடிகளே. ஆகவே அவர் தம் உறுதியைப் புலப்படுத்த மொழிந்த ஒன்றை அயலார் தெய்வத்தின்மேல் ஒட்டும் பட்டமாக்கிக் கொண்டது பின்வந்தோர் செய்த பிழையேயாம்.

இப்பிழை நூலளவில் நின்றுவிடுவதன்று. தூத்துக்குடி முதலாகத் திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம் வரையுள்ள முத்துக்குளித்துறைக் கரையிலும், அதனை ஒட்டிய செம்மணல் தேரிகளிலும், பொருநை பாயும் மருதத்து ஊர்களிலும் முத்தாரம்மன், சுடலைமாடன், இசக்கி, பத்திரகாளி, அய்யனார் என்னும் பெயர்களைத் தம் குலத்திற்கு உயிராகக் கொண்டோர் பல்லாயிரவர். பங்குனி உத்திரத்தன்று எவ்வூரில் வாழினும் தம் குலசாத்தாவின் இருப்பிடந் தேடி வாராத குடிகள் இப்பகுதியில் அரிய. அவர்களுட் பெரும்பாலார் நெற்றியில் திருநீறு அணிபவர்; செந்திலாண்டவன் திருமுன் நின்று உருகுபவர். அவர்களை நோக்கி, 'நும் தெய்வம் சிறிது' எனச் சைவர் ஒருவர் கூறுவாராயின், அது சித்தாந்தத்தின் கூற்றா, பிறிதொருவர் கூற்றா என்று தெளிதல் கடமையாகும்.

பிறிதொருவர் கூற்று என்பதற்குக் காரணம் உண்டு. 1841-ஆம் ஆண்டு முதல் இடையன்குடியில் தங்கிக் கிறித்தவ சமயப்பணி புரிந்த கால்டுவெல் ஐயர் 1849-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பே ஒரு பெருங்குடியினர் விரும்பாத பெயரால் அமைந்து அவர்களைப் புண்படுத்தியதாகலின் அதனை ஈண்டு வரைதல் வேண்டா. தேரிநாட்டு மக்களின் வழிபாடு முழுதும் பேய்வணக்கம் என்பதும், அதற்கு வேர் அச்சம் ஒன்றே என்பதும் அந்நூலின் துணிபு. 1856-இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்திலும் பிற்சேர்க்கையாகத் திராவிடரின் பண்டைச் சமயத்தைக் குறித்து இக்கருத்தையே அவர் விரித்தார். மொழியாராய்ச்சியில் அவர் தமிழுக்கு ஆற்றிய உதவி மறக்கற்பாலதன்று. சமய ஆராய்ச்சியில் அவர் கொண்ட அளவுகோல் வேறு. அவ்வளவுகோலை 1916-ஆம் ஆண்டில் தென்னிந்தியச் சிற்றூர்த் தெய்வங்களைப் பற்றி நூல் எழுதிய சென்னை அத்தியட்சர் ஒயிட்ஹெட்டும் பெரும்பாலும் பின்பற்றினார். ஆங்கிலங் கற்ற நம்மவர் அந்நூல்களைப் படித்து, அவற்றின் இகழ்ச்சிக்கு அப்பரடிகள் சொல்லைப் போர்வையாகப் போர்த்தினர். சைவர் வாயில் வழங்கும் சிறுதெய்வ இகழ்ச்சியிற் பெரும்பகுதி இவ்வாறு வந்ததே.

கால்டுவெல் ஐயர் கண்டவற்றுள் மெய்யும் உண்டு. இத்தெய்வங்களிற் பல, காலம் வாராது இறந்தோர், கொலையுண்டோர் ஆகியோரின் உயிர்களே என்று அவர் எழுதியது சரியே. அதற்கு அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று வியப்பூட்டுவது. 1809-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரண்போரிற் படுகாயமுற்று இறந்த போல் என்னும் ஆங்கிலப் படைத்தலைவன் மணற்காட்டில் அடக்கம் செய்யப்பட்டான். அயலூரார் அவன் கல்லறையில் மதுவும் சுருட்டும் படைத்து வழிபட்டனர். ஐயர் இதனை நகைப்பிற்கிடமாகக் கூறினார். நகைக்குமுன் எண்ணவேண்டியது ஒன்றுண்டு. தாய்நாட்டை விட்டு வந்து, உற்றார் ஒருவரும் இன்றி, மணலில் புதையுண்ட ஓர் அயலானுக்கு அவன் உயிரோடிருந்தபோது விரும்பியவற்றைப் படைத்தோர் அச்சத்தால் மட்டுமா அது செய்தனர்? அடங்காது இறந்த உயிர் தீங்கு செய்யுமோ என்ற அச்சமும் இருந்திருக்கும். அவ்வுயிர்க்கு ஆறுதல் தர ஒருவரும் இலரே என்ற இரக்கமும் இருந்திருக்கும். நடுகல் நிறுத்தி மறவனுக்குப் பலியூட்டிய பண்டைத் தமிழர் மரபின் எச்சம் அங்கே காணப்படுகின்றது. இரக்கத்தை விட்டு அச்சத்தை மட்டும் எண்ணியது நூலாசிரியரின் குறைபாடு.

அச்சமே வேர் என்னும் கொள்கையைக் காலமே சோதித்து முடிவு கூறிவிட்டது. குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மனை எடுத்துக்கொள்க. முத்து என்பது கடல்தரு மணிக்கும் பெயர். அம்மைநோயின் கொப்புளத்திற்கும் பெயர். அம்முத்தினை ஆற்றுபவள் முத்தாரம்மன் என்பது மக்கள் கூறும் பெயர்க்காரணம். பெரியம்மை நோய் உலகினின்றும் ஒழிந்ததென 1980-ஆம் ஆண்டில் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பும் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. நோய்க்கு அஞ்சியே அம்மனைத் தொழுதனர் எனின், அச்சம் நீங்கிய பின் கோயில் வெறிச்சோடியிருத்தல் வேண்டும். நடந்ததோ மறுதலை. தசரா நாட்களில் இன்று அவ்வூரிற் கூடுவோர் இலக்கக்கணக்கினர். வேரென்று காட்டப்பட்டது அற்றபின்னும் மரம் தழைக்கின்றதாயின், உண்மை வேர் வேறு ஆதல் வேண்டும்.

அச்சம் இயல்பாகவே மிகுந்த இடமாகிய கடலிலும் இதனைக் காணலாம். முத்துக்குளிப்போர் சுறாமீனின் வாயை மந்திரத்தாற் கட்டுதற்குக் கடற்கட்டி என்பானை உடன்கொண்டு செல்வது மன்னார்க்குடாக் கடலின் நெடிய வழக்கம். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, எடுத்த பொருளில் இருபதில் ஒரு பங்கு இம்மந்திரக்காரருக்கு அளிக்கப்பட்டதென்றும், பகலிற் கட்டிய கட்டினை இரவில் அவர்கள் அவிழ்த்துவிடுவர் என்றும் எழுதினார். 1859-ஆம் ஆண்டில் இலங்கையைப் பற்றி நூல் எழுதிய எமர்சன் தென்னன்ட், அக்காலத்துக் கடற்கட்டிக் குடும்பத்தின் தலைவர் உரோமன் கத்தோலிக்கராக இருந்ததையும், அதனால் அவருடைய மந்திரத்தின்மேல் எவர்க்கும் ஐயம் எழாததையும் குறித்தார். முத்துக்குளித்துறைப் பரதவர் 1530-களில் கூட்டமாகக் கிறித்தவம் தழுவினர். எனினும் தேரும் கொடியேற்றமும் நேர்ச்சையும் அவர்களை விட்டு நீங்கவில்லை என்பதைத் தூத்துக்குடிப் பனிமயமாதாவின் தேரோட்டம் காட்டும். சமயப் பெயர் மாறினும், தம்மினும் ஆற்றல் மிக்கதொரு துணையை நாடும் உயிரின் இயல்பு மாறுவதில்லை. அவ்வியல்பை இகழ்தல் எளிது. விளக்குதல் வேண்டுமாயின் அதற்கொரு நூல் வேண்டும்.

அந்நூல் சைவர் கையிலேயே உளது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கம் இரண்டாஞ் சூத்திரத்தில் இப்பொருளை முறைப்பட நிறுவியுள்ளார். அவர் கூற்றின் கருத்தினை நான்கு படியாக வகுத்துக் காட்டலாம். முதலாவது: ஒருவன் தான் விரும்பிய தெய்வத்தை மனத்தால் நினைந்து, வாக்கால் வாழ்த்தி, கையால் மலரிட்டுப் போற்றிச் சினம் முதலிய குற்றங்களை நீக்கி வாழ்வானாயின் அது அறம், அவ்வறத்திற்கு முன்னிலையாய் ஒரு தெய்வம் யாண்டும் உண்டு. இரண்டாவது: எத்தெய்வத்தை வணங்கினும் அத்தெய்வமாகி வந்து அருள்பவன் உமையொருபாகனே, ஏனெனில் ஏனைத் தெய்வங்கள் பிறத்தலும் இறத்தலும் துன்புறுதலும் வினையீட்டலும் உடையன, அவையில்லாத ஒருவனே அறிந்து பயன் அளிக்க வல்லவன். மூன்றாவது: எவ்விடத்துத் தெய்வமும் இறைவன் ஆணையில் நிற்பது, நாம் செய்யும் வழிபாட்டின் பயன் அவன் ஆணைவழியே நமக்கு எய்தும். நான்காவது: பயனைத் தருவோன் சிவனே எனத் தெளிந்தபின் அவன் திருவடிக்கே அன்பு செய்தல் தலையாய அறம், அதனை மறந்து செய்வன பயனற்றனவாய் முடியும்.

இந்நான்கும் ஒருங்கு வைத்து நோக்கின் கால்டுவெல் ஐயருக்கும், அவரை அறியாது பின்பற்றிய சைவர்க்கும் ஒருசேர விடை கிடைக்கும். இறந்துபட்ட உயிர்கள் தெய்வமாக வணங்கப்படுகின்றன என்று ஐயர் கண்டது சித்தாந்திக்குப் புதிதன்று. பிறப்பு இறப்புடைய தெய்வங்கள் உயிர்வருக்கமே என்று 13-ஆம் நூற்றாண்டின் நூலே கூறிவிட்டது. ஆனால் அதிலிருந்து ஐயர் கொண்ட முடிவு, 'ஆதலின் அவ்வணக்கம் வீண்' என்பது. அருணந்தியார் கொண்ட முடிவு, 'ஆதலின் அவ்வணக்கத்தையும் ஏற்பவன் சிவனே' என்பது. முன்னையதைக் கொள்பவன் வணங்குவோனைப் புறத்தே தள்ளுகின்றான். பின்னையதைக் கொள்பவன் அவ்வணக்கத்தைச் சிவபெருமான் திருமுன்னர் வைக்கின்றான்.

இனி, இகழ்ச்சியின் மறுதலையாகப் புனைந்துயர்த்தும் பிழை ஒன்றும் அண்மைக் காலத்தே பெருகிவருகின்றது. சுடலைமாடனுக்குச் சுண்ணம் பூசிய பீடமே உருவம். கொடைவிழாவில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் அவன் வரலாற்றை இரவு முழுதும் உரைக்கும். கயிலையில் அம்மை மகப்பேறு வேண்ட, விளக்கின் சுடர் அவள் முந்தானையில் வீழ்ந்து பிள்ளையானதும், அப்பிள்ளை சுடலையிற் பிணந்தின்றதால் கயிலையில் இருக்கத் தகாதென மண்ணுலகிற்கு அனுப்பப்பட்டதும் அக்கதை கூறும். இப்பொழுது சிலர் அப்பீடத்தை அகற்றிக் கருங்கற் படிமம் அமைத்து, பெயரையும் ஈசுவரன் என முடியுமாறு மாற்றி, வில்லையும் மகுடத்தையும் நிறுத்திவிடுகின்றனர். சைவம் உயர்ந்ததென அவர்கள் மகிழ்கின்றனர். சித்தாந்த அளவையிற் பார்ப்பின் இது மிகப் பெரிய பிழை. பதியையும் பசுவையும் மயக்கிக் கூறுதல் சித்தாந்தத்தின் அடிப்படையையே பெயர்ப்பதாகும். நாட்டுமக்கள் பாடிய கதையோ அம்மயக்கத்திற்கு இடந்தரவில்லை. மாடன் சிவனென்று அது கூறவில்லை. சிவனிடத்து வரம் பெற்று, சிவன் விடுத்தவாறு நிலவுலகில் ஏவல் செய்பவன் என்றே கூறுகின்றது. எல்லாத் தெய்வமும் இறைவன் ஆணையில் நிற்பன என்னும் அருணந்தியார் முடிவினை, எழுத்தறியாத பாணன் கதையாகப் பாடியிருக்கக் கற்றவர் அதனை அழிக்கின்றனர்.

பெயர்மாற்றத்தால் அழிவது கதை மட்டுமன்று. முத்துப்பட்டன் வரலாற்றை நோக்குக. அந்தணர் குலத்திற் பிறந்து, சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்னும் இருவரை மணந்து, ஆநிரை மீட்கும் போரில் உயிர்விட்ட அவனுக்குப் பாபநாசத்து மலையிற் சொரிமுத்தய்யனார் கோயிலில் இன்றும் வழிபாடு நிகழ்கின்றது. அவனைச் சிவகணத்துள் ஒருவனாகப் பெயரிட்டுவிடின் அவன் துறந்ததும், ஏற்றதும், இறந்ததும் மறைந்துபோம். குலத்தாற் பிரிந்த மக்கள் ஓரிடத்துத் தலைவணங்குவதற்குக் காரணமான செய்தியே இல்லாதொழியும். அநீதியால் இறந்த உயிரை ஊரார் மறவாது போற்றும் இடம் அக்கோயில். அந்நினைவைத் துடைத்தெறிந்து கட்டும் கோபுரம் சைவத்திற்குப் பெருமை தாராது.

மூன்றாவதாக, இக்கால நாட்டார் வழக்காற்று ஆராய்ச்சியாளர் சிலர் கூறுவதையும் நோக்குதல் தகும். பெருமரபு, சிறுமரபு என இரண்டாகப் பகுத்து, நாட்டுத் தெய்வங்கட்கும் சைவத்திற்கும் தொடர்பே இல்லை, தொடர்பெல்லாம் பின்னாளிற் திணிக்கப்பட்டது என்பர். கதைகளையும் சடங்குகளையும் ஊர்தோறும் சென்று தொகுத்த அவர்தம் உழைப்பு போற்றத்தக்கது. திணிப்புகள் பல நிகழ்ந்தன என்பதும் மேலே காட்டியவாறு உண்மையே. ஆயினும் எல்லாத் தொடர்பும் திணிப்பு என்பது மிகையாகும். குலசேகரன்பட்டினத்தில் முத்தாரம்மனும் ஞானமூர்த்தீசுவரரும் ஒரே பீடத்தில் உடனுறைகின்றனர். அவ்விருப்பைக் கண்டு தொழும் மீனவரும் பனைத்தொழிலாளரும் உழவரும் தம் அம்மனைப் பெருமரபு கவர்ந்துகொண்டது என்று ஒருகாலும் எண்ணியதில்லை. வழிபடுவோர் நெஞ்சில் இல்லாத சுவரை ஆராய்ச்சிக்காக எழுப்புதல், இகழ்ச்சிக்காக எழுப்புதலினும் நல்லதே. ஆயினும் அது சுவரேயாம்.

அவ்வூர்த் தசராவின் சிறப்பு வேடம் பூணுதல். நேர்ச்சை கொண்டோர் காப்புக் கட்டி நோன்பிருந்து காளியாகவும், குறவராகவும், இரவலராகவும், பிறவாகவும் கோலங்கொண்டு வீடுதோறும் சென்று இரந்து பெற்ற காணிக்கையை அம்மனுக்குச் செலுத்துவர். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிடாசுரன் தலைமாறித் தலைமாறி வந்து அம்மன் கையால் வீழ்வான். அதன்பின் காப்புக் களைவர். செல்வர் ஒருவர் இரவலர் கோலத்தில் அண்டை வீட்டு வாயிலில் கையேந்தி நிற்றல் காணத்தக்க காட்சி. ஆணவம் தேயும் வழி இது என்று நூல் கற்பியாமலே அவர் அறிந்துகொள்கின்றார்.

இவ்வேடத்தைக் கூத்தென்று தள்ளும் சைவர், சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தை நினைவுகூர்தல் வேண்டும். அன்புடையார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரனெனவே தொழுக என்பது அதன் விதி. பகைவன் பூண்ட பொய்வேடமாயினும் திருவேடம் திருவேடமே எனத் துணிந்து உயிர்கொடுத்த மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் விரித்தோதினார். அவ்விதி கூறுவது சிவனடியார் திருவேடம். தசராக் கோலம் அதனோடு ஒருங்கு எண்ணத்தக்கதன்று என்று ஒருவர் தடுப்பாராயின் அத்தடை பொருந்துவதே. எனினும் வேடம் உள்ளத்தைத் திருத்தவல்லது என்னும் அடிப்படை இரண்டற்கும் பொது. அவ்வடிப்படையை உணர்ந்தவர், நோன்பின்றித் திரைப்பட ஆரவாரத்திற்காக மட்டும் பூணும் கோலங்களைக் கண்டிக்கலாம். அக்கண்டனம் அம்மனடியார் வாயினின்றும் முன்னரே எழுந்துள்ளது. சைவர் செய்யவேண்டியது அவர்க்குத் துணைநிற்றல்.

உயிர்ப்பலியைக் குறித்தும் தெளிவு வேண்டும். கொல்லாமை சைவத்தின் உயிர்நாடி; அதில் விட்டுக்கொடுத்தற்கு இடமில்லை. அருணந்தியார் வகுத்த வழிபாட்டில் சினம் முதலியன அகலுதலும் ஓர் உறுப்பாக நிற்பதால், குருதி சிந்துவதை அவ்வழிபாட்டின் நிறைவாகக் கொள்ள இயலாது. ஆனால் மாற்றம் வரும் வழி எது? 1950-ஆம் ஆண்டில் உயிர்ப்பலித் தடைச்சட்டம் இயற்றப்பட்டது; நெடுங்காலம் ஏட்டளவில் இருந்த அதனை 2003-ஆம் ஆண்டில் அரசு கடுமையாக நடைமுறைப்படுத்த முற்பட்டது; எதிர்ப்புப் பெருகவே 2004-ஆம் ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பட்டது. காவலர் தடியால் வந்த அறம் ஓராண்டும் நிலைக்கவில்லை. அதேவேளை, தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனார் கோயிலிற் கள்ளர் வெட்டு விழாவைக் காண்க. ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்களின் நடுவில் செம்மணல் தேரியில் ஆயிரக்கணக்கானோர் கூடுவர். கள்வனாகக் கருதி அங்கே வெட்டப்படுவது இளநீர். அந்நீர் தெறித்த மணலை மக்கள் முண்டியடித்து அள்ளிச் சென்று வீட்டிலும் விளைநிலத்திலும் காப்பாக வைப்பர். வீரமும் ஆரவாரமும் பயபத்தியும் அவ்விழாவிற் சிறிதும் குறைவில்லை. குருதியின்றியும் ஒரு வெட்டு நிறைவெய்தும் என்பதற்குத் தேரிநாடே சான்று தருகின்றது. அச்சான்றினை எடுத்துக்காட்டிப் பேசும் சைவரின் சொல் ஊரார் செவியில் ஏறும். 'நும் தெய்வம் பேய்' எனத் தொடங்குவார் சொல் ஏறாது.

இதுகாறும் கூறியவற்றால் சைவர்க்கு உரிய நெறி விளங்கும். தம் உபாசனையைத் திருவடியொன்றிற்கே உரிமையாக்கிக் கொள்ளுதலும், அப்பரடிகள் போல அதனை அஞ்சாது மொழிதலும் அவர் கடன். சுடலையையும் இசக்கியையும் சிவமென்று கூறுதல் அவர் கடனன்று. அவற்றை வணங்குவோரை இகழ்தலும் அன்று. அவ்வணக்கத்தின் பயனை அறிந்தளிப்பவன் ஒருவன் உளன் என்பதை அன்பாற் புலப்படுத்தலே நான்காவது படியின் பயன். மூன்று படிகளில் நின்றவரைக் கைப்பிடித்து அழைத்தாலன்றி நான்காவது படியில் ஏற்ற இயலாது. திருமடங்களிற் பாடங்கேட்டு வெளிவரும் இளைஞர் கொடைவிழா ஒன்றில் வில்லுப்பாட்டினை இரவு முழுதும் அமர்ந்து கேட்டு, அதன்பின் சித்தியார் இரண்டாஞ் சூத்திரத்தை மீண்டும் ஓதுவாராயின், ஏட்டிற் படித்தது எத்துணை மெய்யென்பது அவர்க்குத் தானே விளங்கும். உரையாசிரியர் எழுதாது விட்ட எடுத்துக்காட்டுகள் அப்பந்தரில் நிரம்பக் கிடைக்கும்.

திருச்சிற்றம்பலம்.